ஓய்வு வாரியத்தின் கடைசி ரீல்

ஓய்வு பெறுவது இவ்வளவு பெரிய உழைப்பு என்று முன்பே தெரிந்திருந்தால், மத்தளம் அதை உடம்பில் தெம்பிருந்த காலத்திலேயே ஆரம்பித்திருப்பார். போதாத காலம், யாரும் சொல்லவில்லை.

மத்தளம் என்பது நாடகக் கம்பெனி அவருக்கு வைத்த பெயர். மேடையில் முதலாளிக்குக் கோபம் வந்தாலும் இவரைத்தான் அடிப்பான், வேலைக்காரனுக்குக் கோபம் வந்தாலும் இவரைத்தான் அடிப்பான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் அவர் வேடம். கதாநாயகன் காதலைச் சொல்லும் காட்சியில்கூட நடுவில் யாராவது வந்து இவர் பிடரியில் ஒன்று வைத்துவிட்டுப் போவார்கள். ஜனங்கள் சிரிப்பார்கள். இப்படியே ஒரு ஆயுசு ஓடிவிட்டது. முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்ய ஆரம்பித்தபோதுகூட அவர் ஓய்வைப் பற்றி நினைத்தவரில்லை. நினைக்க வைத்தது அவர் பெண்டாட்டி.

அந்த அம்மாளும் அதே கம்பெனிதான். ராணி வேடம் போட்டுப் போட்டு மகாராணி என்றே பெயர் நின்றுவிட்டது. போன மழைக்காலத்தில் ஒப்பனை அறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு விட்டுப்போனது. டாக்டர் ஒட்டவைத்தார், ஆனால் மாடிப்படி இருக்கும் திசைக்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். இவர்கள் குடியிருப்பதோ மூன்றாவது மாடி. லிஃப்ட் என்று ஒன்று உண்டு. அதில் வீட்டுக்காரர் பழைய சைக்கிள்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்.

ஆகவே மகாராணி, மேடைக் கலைஞர் ஓய்வு வாரியத்தின் ஓய்வு இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தரைத்தளத்தில் அறை. சன்னல் உண்டு, கைப்பிடி வைத்த குளியலறை உண்டு. கட்டில் இரண்டு. ஒன்றில் மகாராணி, மற்றது காலி. அந்தக் காலிக் கட்டில் மத்தளத்துக்கு வேண்டும். கதை அவ்வளவுதான். ஒரு மனிதன் தன் பெண்டாட்டிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்க ஆசைப்பட்டதற்கு இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

பணியிலிருக்கும் கலைஞர்கள் ஓய்வு இல்லத்துக்குள் வரக் கூடாது. அரிதாரத்தின் வாடை பட்டால் உள்ளே இருப்பவர்களின் ஓய்வு கெட்டுவிடும் என்பது விதி. அதனால் மத்தளம் கேட்டுக்கு வெளியே நிற்பார். மகாராணி சக்கர நாற்காலியில் கேட்டுக்கு உள்ளே இருப்பார். இரும்புக் கம்பி வழியாகக் குடும்பம் நடந்தது.

"சாப்ட்டியாய்யா?" என்பார் மகாராணி. ராணியாகவே இருந்த பழக்கத்தில் புருஷனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"சாப்ட்டேன். நானே சமைச்சேன். ஒரே உப்பு."

"இங்க உப்பே கிடையாது. ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா ஒரு ஆள் சாப்பிடலாம்."

"இடுப்பு வலி எப்படி இருக்கு?"

"இடுப்பு கிடக்கட்டும். வாய்தான் துருப்பிடிச்சுப் போச்சு. சண்டை போட ஆள் இல்ல. எது சொன்னாலும் 'சரிங்கம்மா, சரிங்கம்மா'ங்கறாங்க. இப்படி ஒரு மனுஷி எத்தனை நாள் இருக்க முடியும்? சேர்ந்த அன்னைக்கே ஒரு மெடல் வேற குடுத்தாங்க. எதுக்குன்னு கேட்டா, 'அடக்கமாப் பேசறீங்கம்மா'ன்னு கும்பிடறாங்க." மகாராணி குரலைத் தாழ்த்தினார். "யோவ், அந்தக் காலிக் கட்டில்ல திங்கட்கிழமை ஒரு பாட்டுக்காரியைப் போடப்போறாங்களாம். ஓய்வு வாங்கியும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து தொண்டையைப் பழக்கறவளாம். நீ எப்ப வர்றே?"

"விண்ணப்பம் குடுத்தாச்சு. இந்த வாரமே வந்துடறேன்" என்றார் மத்தளம். பாவம், அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வாரிய அலுவலகத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய காலத்தில் மேடைக் கலைஞர் யாரும் ஓய்வு பெற்றதில்லை. ஒருநாள் கூப்பிட மாட்டார்கள், அவரும் போக மாட்டார், முடிந்தது விஷயம். இது ஒழுங்காக இல்லை என்று யாருக்கோ தோன்றி, வாரியம் ஒன்றை அமைத்தார்கள். அமைத்த பிறகுதான், கலைஞன் எப்படி ஓய்வு பெறுவான் என்று அதில் ஒருவருக்கும் தெரியாது என்பது தெரிந்தது. நிபுணர் குழு உட்கார்ந்தது. உட்கார்ந்த குழுவுக்குப் பொழுது போகவில்லை என்று யாரோ ஒரு பழைய சினிமாவைக் கொண்டுவந்து போட்டார்கள். 'மூட்டையைக் கட்டு' என்ற நகைச்சுவைப் படம். நாடகத்தில் சிரிப்பு வேடம் போடும் ஒரு கிழவர் ஓய்வு பெற்று, தாடியும் குடையும் மூட்டையும் கோழியுமாக ஊருக்கு வெளியே ஒரு குடிசைக்குப் போகிறார். குழு அந்தப் படத்தைப் பார்த்தது. திரும்பவும் பார்த்தது. மூன்றாம் முறை பார்த்தபோது குறிப்பெடுத்தது. அந்தக் குறிப்புகள்தான் இன்று ஓய்வு விதிகள். சினிமாவைப் பார்த்துச் சட்டம் எழுதினார்களா என்று சிரிக்க வேண்டாம். எதையுமே பார்க்காமல் எழுதின சட்டங்களும் நாட்டில் நடைமுறையில்தான் இருக்கின்றன.

அந்தப் படம் வாரியத்தின் முன்கூடத்துத் தொலைக்காட்சியில் நாள் முழுக்க ஓடும். ஊழியர்கள் அந்தக் கிழவரைப் 'பெரியவர்' என்று மரியாதையாகச் சொல்வார்கள். பெரியவர் திரையில் தும்மினால் ஒன்றிரண்டு குமாஸ்தாக்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்வார்கள்.

மத்தளம் முதல்நாள் உள்ளே நுழைந்து அந்தத் தொலைக்காட்சியைப் பார்த்தவுடன் சிரித்துவிட்டார். ஏனென்றால் அந்தப் பெரியவர் அவர்தான். வாலிப வயதில், கன்னத்தில் பஞ்சை ஒட்டிக்கொண்டு, சம்பளம் கிடைத்தால் போதும் என்று நடித்த படம். ஒரு வாரம்கூட ஓடவில்லை.

"தம்பி, அந்தப் படத்துல நடிச்சிருக்கிறது நான்தான்" என்றார் சன்னலுக்குள் இருந்த குமாஸ்தாவிடம்.

குமாஸ்தா தலையைத் தூக்காமல், "இங்க வர்ற எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். பிறகு தூக்கிப் பார்த்தார். "பெரியவருக்குத் தாடி இருக்கு. உங்களுக்கு எங்க?"

"அது பஞ்சு தம்பி. கோந்து போட்டு ஒட்டினது."

சுற்றியிருந்த மேசைகளில் பேச்சு நின்றுபோனது. குமாஸ்தா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "ஐயா, வயசுல பெரியவங்க நீங்க. வேற ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு பார்க்கிறேன். தாடி வெச்சுக்கிட்டு வாங்க. பெண்களுக்கு மட்டும்தான் தாடியில விலக்கு. அதுக்கும் மனுப் போடணும்."

இத்தனை வருஷம் கோந்து பட்ட கன்னத்தில் தாடி எங்கே முளைக்கும்? மறுநாள் மத்தளம் பஞ்சை ஒட்டிக்கொண்டு போனார். குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இப்பத்தான் இயற்கையா இருக்கு. ஆனா ஒரே நாள்ல இவ்வளவா?" என்று கேட்டார்.

"எங்க குடும்பமே அப்படித்தான்."

"நல்லது. குடை, மூட்டை, கோழி."

"மூட்டையில என்ன இருக்கணும்?"

"அது படத்துல காட்டல. அதனால உள்ள என்ன இருந்தாலும் நாங்க கேட்க மாட்டோம். தனிமனிதர் விஷயம்" என்றார் குமாஸ்தா பெருந்தன்மையாக.

குடையும் மூட்டையும் வீட்டிலேயே இருந்தன. கோழிக்கு மட்டும் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி, "வெட்டித் தரட்டுமா, முழுசாவா?" என்றார்.

"உசிரோட வேணும்பா. ஓய்வு பெறணும்."

"கோழிக்கா?"

"எனக்கு."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் கோழியைக் கூடையில் போட்டுக் கொடுத்தார்.

வாரியத்தின் பெஞ்சில் தாடி, குடை, மூட்டை, கோழி சகிதமாக மத்தளம் காத்திருந்தார். பக்கத்தில் இன்னும் சிலர் அதே கோலத்தில் இருந்தார்கள். ஒரு வில்லன் நடிகர் மடியில் வாத்து வைத்திருந்தார். கோழி கிடைக்கவில்லை, வாத்துக்கு அனுமதி கேட்டு நடையாய் நடக்கிறேன் என்று கண்கலங்கினார். மேடையில் அவர் எத்தனை பேரைக் கொன்றிருப்பார்!

முறை வந்தது. குமாஸ்தா கோழியை மேசைமேல் வைத்துச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முத்திரையைக் கையில் எடுத்த அந்த நேரம் பார்த்து, கோழி அங்கேயே ஒரு முட்டையை இட்டது.

குமாஸ்தா முத்திரையைத் திரும்ப வைத்தார். "இது என்ன?"

"முட்டை."

"அது தெரியுது. படத்துல பெரியவரோட கோழி முட்டை போடல. இது போடுது. அப்படின்னா இந்தக் கோழி இன்னும் பணியில இருக்கு." அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "பணியில இருக்கிற யாரையும் ஓய்வு இல்லத்துக்குள்ள விட முடியாதுங்க. மனுஷனுக்கு ஒரு விதி, கோழிக்கு ஒரு விதின்னு பாரபட்சம் காட்ட மாட்டோம்."

"இதுக்கும் ஓய்வு குடுத்துடுங்களேன் தம்பி."

"குடுக்கலாம். அதுக்கு அது தாடி வெச்சிருக்கணும்."

மத்தளத்துக்கு மேடையில் வாங்காத அடி கிடையாது. ஆனால் அடிப்பவன் இவ்வளவு மரியாதையாக அடித்து அவர் பார்த்ததில்லை. கோழியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போய், மாற்றாக ஒரு சேவலை வாங்கி வந்தார். சேவல் முட்டையிடாது. படம் கறுப்பு வெள்ளை, பெரியவர் வைத்திருந்தது கோழியா சேவலா என்று தெளிவாகத் தெரியாது என்று குறிப்பெழுதி குமாஸ்தா முத்திரை குத்தினார். குத்தும்போது, "வாழ்த்துகள் ஐயா" என்று எழுந்து கைகொடுத்தார். சேவல் அவரைக் கொத்தியது. அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நல்ல மனிதர்.

இனி கட்டில்தான் பாக்கி என்று மத்தளம் மனசுக்குள் துள்ளிக்கொண்டு ஆவணப் பிரிவுக்குப் போனார். அங்கே கட்டில்களைக் கவனிப்பவர் ஒரு ஆவண அதிகாரி அம்மாள். 'மூட்டையைக் கட்டு' படத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினவர். மத்தளத்தின் மனுவைப் படித்துவிட்டு அவர் நெகிழ்ந்துபோனார்.

"இந்த வயசுலயும் அம்மா பக்கத்துல இருக்கணும்னு கேட்கிறீங்களே. இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு?"

"அம்மாவா? யாரோட அம்மா?"

"உங்க அம்மாதான். அந்த அறையில இருக்காங்களே."

"அது என் பொண்டாட்டிங்க!"

ஆவண அதிகாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சீ! என்ன பேச்சு பேசறீங்க?"

விஷயம் இதுதான். படத்தில் பெரியவருக்கு ஒரு தாயார் உண்டு. பல்லக்குபோல ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே மகனை அதட்டும் வேடம். அன்றைக்கு நடிக்க வேண்டிய அம்மாள் வரவில்லை. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத மகாராணியின் தலையில் மாவைக் கொட்டி உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது இடுப்பு உடைந்து சக்கர நாற்காலியில் மகாராணி வாரியத்துக்கு வந்து இறங்கியதும், முகத்தையும் நாற்காலியையும் பார்த்து மொத்த அலுவலகமும் எழுந்து நின்றிருக்கிறது. ஒரு கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். பெரியவரின் தாயார் என்றால் நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, மிக மூத்த கலைஞர் என்று மெடலும் குத்திவிட்டார்கள். அவர் பக்கத்தில் இடம் கேட்டுத் தாடியும் மூட்டையுமாக வந்து நிற்பவர் மகன்தானே!

"சரிம்மா, அம்மாவாவே இருக்கட்டும்" என்று மத்தளம் இறங்கி வந்தார். கட்டில் முக்கியம், முறை அப்புறம். "அம்மா பக்கத்துல மகன் படுத்துக்கலாமில்ல?"

"முடியாதே. படத்துல பெரியவர் அம்மாவை விட்டுட்டுத் தனியாத்தானே குடிசைக்குப் போறார்? அம்மா வாசல்ல இருந்து அழறாங்க. படம் அதோட முடியுது. உங்களுக்குத் தோட்டத்துக் கடைசியில ஒரு குடிசை ஒதுக்கியிருக்கோம். அம்மா வாசல் வரைக்கும் வந்து அழலாம், அதுக்கு நேரம் ஒதுக்கித் தர்றோம்."

மத்தளத்துக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. தாடி ஒரு பக்கம் கழன்று தொங்க, "படம் எங்க அதோட முடியுது? கடைசி ரீலைப் பார்க்காம பேசறீங்களே!" என்று கத்திவிட்டார்.

ஆவண அதிகாரியின் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. "கடைசி ரீலா? அப்படி ஒண்ணு இருக்கா?"

இருந்தது. வாரியத்திடம் இருந்த பிரதியில்தான் இல்லை. பெரியவர் மூட்டையோடு நடந்து போகிறார், படம் பட்டென்று நிற்கிறது. அதை உயர்ந்த கலை நயம் என்று எடுத்துக்கொண்டு ஆவண அதிகாரி ஒரு அத்தியாயமே எழுதியிருந்தார். அரைமணி நேரத்தில் சேதி மேலே போனது. வாரியம் கதிகலங்கியது. முழுசாகத் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு இத்தனை பேரைப் பாதி ஓய்வில் அல்லவா உட்கார வைத்திருக்கிறோம்! மறுநாள் காலை அவசரக் கூட்டம். கடைசி ரீலில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருவர்தான். அந்தத் தாயும் மகனும் நேரில் வந்து நடித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு.

இடம் ஒதுக்காதவரை உள்ளே விட மாட்டார்கள், அதனால் மத்தளம் கேட்டுக்கு ஓடினார். விஷயத்தைக் கேட்டதும் மகாராணி தலையில் அடித்துக்கொண்டார்.

"உன்னை யாருய்யா அந்த ரீலைப் பத்தி வாயைத் திறக்கச் சொன்னது? அதுல என்ன நடக்குதுன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

அப்போதுதான் மத்தளத்துக்கு உறைத்தது. கடைசி ரீலில், கிழவர் குடிசையில் கோழிகளுக்கு முன்னால் நடித்துப் பார்க்கிறார். கோழிகள் சிரிக்கவில்லை. மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே ஓட்டமாக நாடகக் கொட்டகைக்கு ஓடி, மறுபடி மேடையேறி அடிவாங்குகிறார். சுபம்.

"உண்மையைச் சொல்லித் தொலைச்சேன்னு வையி, உள்ள இருக்கிற கிழங்க எல்லாத்தையும் நாளைக்கே மேடையேத்திடுவாங்க. பக்கத்து அறைக்காரருக்குக் கண்ணே தெரியாது, அவர் கத்திச் சண்டை போடறவர். போய் யாரையாவது குத்திட்டு வருவார். வேணுமா?"

"ஐயோ, இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? நாமளே ஒரு ரீல் விட வேண்டியதுதான்."

இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். சின்னக் காட்சி. மகன் குடிசையிலிருந்து திரும்பி வருகிறான், 'தனியா இருக்க முடியலம்மா' என்கிறான். 'அந்தக் கட்டில் உனக்குத்தான், படுத்துக்கோ' என்கிறாள் தாய். அவன் படுக்கிறான். அவ்வளவுதான்.

"படுத்தமா, கண்ணை மூடினமான்னு இருக்கணும்" என்றார் மகாராணி. "ஒண்ணையும் சேர்க்காதே. உன்னை எனக்குத் தெரியும்."

"சே, சே. நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

மறுநாள் கூட்ட அறையில் நீள மேசையைச் சுற்றி உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் தலைவர் பேசினார்.

"ஓய்வைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது. ஏன்னா நானே நாலு தடவை ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு தடவையும் அடுத்த நாளே வேற பதவி குடுத்துடறாங்க. என்ன பண்றது, நம்ம அனுபவம் அப்படி. கலைஞர்கள் பாவம், அவங்களுக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. சிரிக்க வைக்கத் தெரியும், அழ வைக்கத் தெரியும், சும்மா இருக்கத் தெரியாது. சும்மா இருக்கிறதைக் கத்துக்குடுக்கணும்னா அதுல பழுத்த ஆளுங்க வேணும். அதனாலதான் எங்களைப் போட்டிருக்காங்க. இந்த வாரியத்துல நான் உட்கார்ந்ததிலிருந்து ஒரு வேலையும் தவறா நடந்ததில்ல. ஏன்னா..." என்று தொடங்கியவர், வாக்கியம் போகும் திசையைப் பார்த்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நடுவில் ஒரு மேசையைக் கட்டிலாக வைத்திருந்தார்கள். மகாராணி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரப்பட்டார். வாரியமே எழுந்து நின்றது. மத்தளம் தாடி, குடை, மூட்டை, சேவலோடு உள்ளே வந்தார்.

"தனியா இருக்க முடியலம்மா."

அந்த ஒரு வரியைச் சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்கிவிட்டது. அது நடிப்பில்லை. மூன்றாம் மாடியில் ஒற்றைத் தட்டில் சாப்பிட்டதெல்லாம் அந்த வரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மகாராணிக்கும் அது தெரிந்தது. ஒரு கணம் அவர் தாயாகவும் இல்லை, ராணியாகவும் இல்லை. பிறகு சமாளித்துக்கொண்டு, "அந்தக் கட்டில் உனக்குத்தான். வா, படுத்துக்கோ" என்றார்.

உறுப்பினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆவண அதிகாரி விம்மினார். செயலாளர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். மத்தளம் மேசைமேல் ஏறிப் படுத்துக் கண்ணை மூடினார். முடிந்தது. கட்டில் கிடைத்துவிட்டது. இனி அசையாமல் கிடந்தால் போதும்.

ஆனால் அறையில் சத்தமே இல்லை.

மத்தளம் தன் வாழ்நாளில் ஒரு காட்சியைக்கூடச் சிரிப்பில்லாமல் முடித்தவரில்லை. சிரிப்பு வராமல் திரை இறங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துப் பார்த்தார். உடம்பெல்லாம் ஊறியது. வேண்டாம்டா வேண்டாம்டா என்று மனசு கெஞ்சியது. மனசு சொல்லி உடம்பு எப்போது கேட்டது? தூக்கத்தில் புரள்வதுபோல ஒரு புரள் புரண்டு, மேசையிலிருந்து தொப்பென்று தரையில் விழுந்தார். சேவல் கொக்கரித்துக்கொண்டு தலைவரின் மடியில் போய் ஏறியது.

சிரிப்பென்றால் சிரிப்பு, அப்படியொரு சிரிப்பு! தலைவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆவண அதிகாரிக்கு விக்கல் எடுத்தது. தரையில் கிடந்த மத்தளத்துக்கு ஒரு கணம் சொர்க்கம் தெரிந்தது. அடுத்த கணம் தான் செய்த காரியம் தெரிந்தது.

தலைவர் சிரிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். முகம் இறுகியது. "ஆக, பெரியவர் கட்டில்ல இருந்து கீழ விழறார். இது ரொம்ப முக்கியமான தகவல். கட்டில் ஓய்வுக்கு ஆகாதுன்னு படமே சொல்லுது. செயலாளர், எழுதிக்கோங்க. ஓய்வு இல்லத்துல இருக்கிற எல்லாக் கட்டிலையும் இன்னைக்கே..."

"டேய்!"

அந்த அதட்டலில் தலைவர் வாய் தன்னால் மூடிக்கொண்டது. மகாராணி அவரைப் பார்க்கவே இல்லை. தரையில் கிடந்தவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். காட்சி இன்னும் முடியவில்லை என்பதுபோல.

"பொறந்ததிலிருந்து இதே வேலையாப் போச்சு உனக்கு. படுத்தா உருள வேண்டியது, விழ வேண்டியது. தனியாப் போட்டா இப்படித்தான் ஆகும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, யாராவது கேட்டாங்களா? ரெண்டு கட்டிலையும் சேர்த்துப் போடுங்க. சுவரோரம் இவன் படுக்கட்டும். இந்தப் பக்கம் நான் படுத்துக்கறேன். நான் இருக்கும்போது எப்படி விழறான்னு பார்த்துடறேன்."

செயலாளரின் பேனா ஓடியது. தலைவர் மெல்லிய குரலில், "இதுவும் படத்துல வருதாம்மா?" என்று கேட்டார்.

"இதுதான் கடைசி வசனமே. உடனே சுபம்னு போட்டுடுவான்."

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். சேவல் கீழே குதித்தது.

அன்று சாயங்காலமே இரண்டு ஆட்கள் வந்து கட்டில்களைச் சேர்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள். விதி என்றால் எல்லோருக்கும் விதிதானே. இல்லம் முழுக்க ஒவ்வொரு அறையிலும் கட்டில்கள் ஒட்டிக்கொண்டன. எத்தனையோ வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு கதாநாயகர்கள் சுவரோரம் யாருக்கு என்று முதல் தடவையாகப் பேச ஆரம்பித்தார்கள். பாட்டுக்காரியைக் கண் தெரியாத கத்திச் சண்டைக்காரரின் அறைக்கு அந்தப் பக்கம் போட்டார்கள். அவருக்குப் பாட்டென்றால் உயிராம், நிம்மதி.

ஆனால் வாரியம் அதோடு விடுமா? கடைசி ரீல் பிலிமில் இல்லாததால், புதிதாக ஓய்வு பெற வருபவர்களுக்கும் ஊழியர்களுக்கும் அது நேரிலேயே நடித்துக் காட்டப்பட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வாரம் தவறாமல். தாயும் மகனும் அவர்களே. விழுவது அசலில் இருந்தபடியே இருக்க வேண்டும், மெத்தை போடக் கூடாது. முன்வரிசையில் தலைவர் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடுவார். விழுந்த விதம் பிடித்துப்போனால், இன்னொரு தடவை என்று கேட்பார். இரண்டாம் மாதத்தில் கூட்டம் தாங்காமல் பக்கத்துக் கட்டிடத்து மண்டபத்துக்கு மாற்றினார்கள்.

ஒருநாள் மத்தியானம், ஆட்டம் முடிந்து வந்து மத்தளம் குப்புறப் படுத்துக்கொண்டு முனகினார். மகாராணி தன் கட்டிலில் உட்கார்ந்தபடியே அவர் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கட்டில் ஒட்டியிருந்ததால் கை எட்டியது.

"மேடையில இருந்த காலத்துலகூட நான் இவ்வளவு விழுந்ததில்ல. ஓய்வு வாங்கினப்புறம் வாரா வாரம் விழறேன். அந்த ஆளு வேற இன்னொரு தடவை, இன்னொரு தடவைங்கறான். எனக்கு அழுகையா வருது" என்றார்.

"சாயங்காலம் என்ன சாப்பிடப் போறே?"

"உனக்கு என்ன குடுக்கறாங்களோ அதுதான்."

"நேத்து எதுக்குச் சண்டை போட்டோம்?"

மத்தளம் யோசித்தார். "சன்னலைச் சாத்தறதுக்கு."

"நாளைக்கும் போடுவமில்ல?"

"போடுவோம்."

மகாராணி தைலக் கையால் அவர் பிடரியில் செல்லமாக ஒன்று வைத்தார்.

"அப்புறம் என்னய்யா? அழாம விழு."